இரண்டு ஓரமும் நேராக

மாமியாரின் எழுபதாவது பிறந்தநாளுக்குச் சர்ச் மண்டபத்தில் நன்றிக் கூட்டம் வைத்தோம். அவர் தன் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு சின்னப் புத்தகம் போடலாம் என்று பேச்சு வந்ததும், எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் அச்சகம் ஒன்றில் பக்கம் அமைப்பது என் வேலை. குடும்பத்துக் கல்யாணப் பத்திரிகையெல்லாம் என் கைபட்டதுதான்.

அத்தை சொல்லச் சொல்லக் கணினியில் தட்டினேன். பக்கத்தைச் செய்தித்தாள் மாதிரி இரண்டு பத்திகளாகப் பிரித்து, இரண்டு ஓரமும் நேராக நிற்கும்படி ஜஸ்டிஃபை செய்தேன். வலது ஓரத்தைக் கலைத்து விடுவது எனக்குத் தலை வாராமல் சர்ச்சுக்குப் போவது மாதிரி.

கிள்ளானில் இருக்கும் என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, பங்சாரில் ஓர் ஆபீசில் ஃபோன் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பவள். "அக்கா, எழுத்தை மட்டும் எனக்கு அனுப்புங்க. வெளியூர்ல இருக்கிறவங்களுக்கு ஃபோன்ல அனுப்பிடலாம்" என்றாள். அனுப்பினேன்.

கூட்டத்தன்று அத்தை என் புத்தகத்தைப் பிரித்து வாசிக்க எழுந்தார். நம் சொற்கள் நீளம். குறுகிய பத்தியில் வரிக்கு இரண்டோ மூன்றோதான் அடங்கும், மிச்சமெல்லாம் இடைவெளி. ஒரு வரியில் 'என்' இந்த ஓரத்திலும் 'வீட்டுக்காரருக்கு' அந்த ஓரத்திலும் நின்றன. ஒவ்வொரு இடைவெளியிலும் வாக்கியம் முடிந்துவிட்டதாக நினைத்து அத்தை நிறுத்தினார். திரும்பத் தொடங்கினார். மறுபடி நிறுத்தினார். முன்வரிசையில் யாரோ இருமினார்கள்.

ஓரகத்தி எழுந்து போய்த் தன் ஃபோனை அவர் கையில் கொடுத்தாள். எழுத்து பெரிது. வரிகள் இடப்பக்கம் ஒட்டி, வலப்பக்கம் முடிகிற இடத்தில் முடிந்திருந்தன. அத்தை தடங்கலே இல்லாமல் வாசித்தார். மாமா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாட்களுக்கு வந்தபோது குரல் உடைந்தது. அப்போதும் வரி தவறவில்லை. மண்டபமே அழுதது. நானும் அழுதேன், ஆனால் மாமாவுக்காக இல்லை.

சாப்பாட்டின்போது ஓர் ஆன்டி ஃபோனைக் காட்டி, "யாரும்மா செஞ்சது, அவ்ளோ அழகா?" என்று கேட்டார்.

"எங்க சின்ன மருமக லா!" என்றார் அத்தை.

ஆட்டுக்கறித் தட்டை நகர்த்தி வைத்தேன். காரில் என் கணவர், "உன் புக்கும் அழகாத்தான் இருந்துச்சு" என்றார். அந்த 'உம்'மை நான் மன்னிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அத்தை கூப்பிட்டார். "அந்த ஃபோன்ல இருந்த மாதிரியே புக் போட்டுக் கொடும்மா. சர்ச்ல எல்லாரும் கேக்கிறாங்க."

மறுக்க முடியுமா? ஒரே பத்தியாக்கி இடப்பக்கம் ஒட்டினேன். அச்சாகி வந்ததை வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். எங்குமே தடுக்கவில்லை. அதில்தான் எரிச்சல் இரட்டிப்பானது. நன்றாக இல்லாமல் போயிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

புத்தகத்தைப் பார்த்த அத்தை, "சின்னவ செஞ்ச மாதிரியே இருக்கு" என்று என் கன்னத்தைத் தடவினார்.

அன்று மாலை புத்தகம் கையில் கிடைத்ததும் ஓரகத்தி அழைத்தாள். "அக்கா, என்னோடதைவிட உங்களது எவ்வளவோ நல்லாருக்கு. என் வலப்பக்கம் பல்லு போன மாதிரி இருக்கும். உங்களுக்கு எப்படி இவ்வளவு சீரா வந்துச்சு?"

வரி வரியாக உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லையும் மேல்வரிக்கு ஏற்றிக் கீழ்வரிக்கு இறக்கிப் பார்த்திருந்தேன். இரண்டு நாள் மதியச் சாப்பாடு அதில் போயிருந்தது.

"தெரியலம்மா, தானா அமைஞ்சிருச்சு" என்றேன்.