கசில்தா சொன்ன தடை

கசில்தா எக்ஸ்போசிதோவை எங்கள் ஊரில் கசில்தா என்று மட்டுமே கூப்பிட்டோம். பிரியத்தால் அல்ல. மீதிப் பெயரைச் சொல்ல எங்களுக்குக் கூச்சம்.

அவள் அப்பா லிபோரியோ பிறந்த வாரமே ஹயேன் நகரத்து அநாதை மடத்துச் சுவரில் இருந்த மரத்தொட்டியில் வைக்கப்பட்டவர். வெளியே வைத்துத் தொட்டியைச் சுழற்றினால் குழந்தை உள்ளே போய்விடும், வைத்தவர் முகம் யாருக்கும் தெரியாது. அப்படி உள்ளே போன பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே குடும்பப்பெயர்: எக்ஸ்போசிதோ, அதாவது வெளியே விடப்பட்டவன். விட்டுப் போனவர்களுக்கு யாரும் ஒரு பெயரும் வைக்கவில்லை. இதை அநியாயம் என்று ஒருவர் சொல்லியும் நான் கேட்டதில்லை. பின்னாளில் சட்டம் வந்தது. மனு கொடுத்தால் கட்டணமில்லாமல் பெயரை மாற்றிக்கொள்ளலாம். லிபோரியோ மாற்றவில்லை. கிணறு வெட்டிப் பிழைத்தார், அந்தப் பெயரிலேயே செத்தார்.

கசில்தா எண்ணெய் ஆலைக்குப் பாய் பின்னுகிறவள். அரைத்த ஒலிவ விழுதைப் பரப்பி அழுத்துகிற வட்டப்பாய். கோரை கிழித்த கைகள். கணவர் லாரா காய்ச்சலில் போனபிறகு மகளை அந்தக் கைகளால்தான் வளர்த்தாள். எங்கள் வழக்கத்தில் பிள்ளைக்கு முதலில் அப்பாவின் குடும்பப்பெயர், பிறகு அம்மாவின் குடும்பப்பெயர். அதனால் மகள் ருஃபினா லாரா எக்ஸ்போசிதோ.

ஐம்பத்து நான்காம் வருடம் மருந்துக்கடைக்காரர் மகன் ஆன்செல்மோ வால்திவியாவுக்கும் ருஃபினாவுக்கும் கல்யாணம் நிச்சயமானது. நவம்பர் முதல் ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் எவுதிமியோ கல்யாண ஓலை வாசித்தார், மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய அறிவிப்பில் முதலாவது. மாப்பிள்ளை பெயர், பெற்றோர் பெயர், அப்புறம், "ருஃபினா லாரா ருவானோ." ருவானோ கசில்தாவின் அம்மா வழிப் பெயர். மாப்பிள்ளையின் அம்மா லெயோகாதியா எழுதிக் கொடுத்த சீட்டைத்தான் சாமியார் வாசித்தார். முடிவில் வழக்கம்போல, "இந்தத் திருமணத்துக்குத் தடை அறிந்தவர்கள் தெரிவிக்கவும்" என்றார்.

தெரிவிப்பவர்கள் பூசை முடிந்து ரகசியமாகப் போய்த்தான் தெரிவிப்பார்கள். கசில்தா அங்கேயே எழுந்து நின்றாள்.

"தடை இருக்கு, சாமி. நீங்க படிச்ச பேருல இந்த ஊர்ல பொண்ணு கிடையாது. இல்லாத பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணி வைப்பீங்களா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சாமியார் சீட்டைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கும் என்பதுபோல.

மத்தியானம் லெயோகாதியா நேராகக் கசில்தா வீட்டுக்கு வந்தாள். பக்கத்து வீடு என்பதால் எனக்கு எல்லாம் கேட்டது.

"கோவில்ல என் மானத்தை வாங்கிட்டியே."

"நீங்க என் அப்பன் பேரை வாங்கிட்டீங்க அம்மா. நான் திருப்பிக் கேட்டேன், அவ்வளவுதான்."

"கிரனாதா பட்டணத்துலேர்ந்து எங்க சனம் வருது. மடத்துப் பேரைக் கேட்டா என்ன நினைப்பாங்க? பேரை மாத்த ஒரு மனுதானே. நாளைக்குப் பேரப்புள்ளைங்க பள்ளிக்கூடம் போகணும்."

"பேரப்புள்ளைங்களுக்கு உங்க வீட்டுப் பேரு, அப்புறம் லாரா. எங்க பேரு வராது. அது இவளோட முடியுது. தானா முடியப்போறதை எதுக்கு நீங்க கழுத்தை நெரிக்கணும்?"

அப்போது ருஃபினா சொன்னாள்: "நான்தாம்மா அவங்ககிட்ட சரின்னு சொன்னேன்."

கசில்தாவின் குரல் மகள் பக்கம் திரும்பியது.

"உனக்கு அந்தப் பேரு வேணாமா?"

"எனக்கு ஆன்செல்மோ வேணும்."

"நான் அவனை வேணாம்னு சொல்லலையேடி. உன் தாத்தா என்ன திருடினாரா? மனு குடுத்தா நாமளே ஆமான்னு கையெழுத்து போட்ட மாதிரி. நீங்களும் கேட்டுக்குங்க அம்மா. தொட்டியில போட்டவங்க எந்த ஊர்லயோ நல்ல பேரோட பூசைக்குப் போயிட்டு இருந்திருப்பாங்க."

லெயோகாதியா எழுந்த சத்தம் கேட்டது. "அந்தப் பேரை வாசிச்சா எங்க வீட்லேர்ந்து ஒருத்தரும் வரமாட்டோம்."

தவறான பெயரில் வாசித்த ஓலை செல்லாது. மூன்று ஞாயிறும் புதிதாக வாசிக்க வேண்டும். அதற்குள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் வந்துவிடும். அப்போது கல்யாணம் நடத்தமாட்டார்கள். ஜனவரி வரை பொறுக்கவேண்டும், மாப்பிள்ளை பொறுத்தால். எந்தப் பெயரை வாசிப்பது என்று மணப்பெண்ணே வந்து சொல்லட்டும் என்றார் சாமியார். ஐந்து நாள் ருஃபினா அம்மாவுடன் பேசவில்லை. ஆறாம் நாள் தனியாகக் கோவிலுக்குப் போய்வந்தாள். என்ன சொன்னாய் என்று கசில்தா கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் வாசித்தார்: "ருஃபினா லாரா எக்ஸ்போசிதோ." மருந்துக்கடைக்காரர் பெஞ்சு காலியாக இருந்தது. ஆன்செல்மோ மட்டும் வந்து, சொந்த பெஞ்சு இல்லாத கூலிக்காரர்களோடு கதவோரம் நின்றிருந்தான். அடுத்த இரண்டு ஞாயிறும் அங்கேயேதான் நின்றான்.

ஜனவரியில் கல்யாணம் நடந்தது. லெயோகாதியா வரவில்லை. கசில்தா பிடிவாதத்தால் மகளுக்கு மாமியார் வீடு இல்லாமல் செய்துவிட்டாள் என்று ஊர் இன்றும் பேசுகிறது. வாசலைச் சாத்தியது யார் என்று அந்த ஊர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.