பதினொரு நாள் இருட்டு

சித்திரையில் எங்கள் பக்கத்து வானம் தெளிவாக இருக்கும். வெக்கைக்கும் குறைவிராது. சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனிக்குப் பக்கத்தில் ஒரு சுருள் விண்மீன் மண்டலம் உண்டு. நெல்லியடியில் என் வீட்டுப் பின்வளவில் நிறுத்திய ஐந்து அங்குலத் தொலைநோக்கியால் அதைப் படம் பிடிக்க முயன்றேன். ஒரு படத்துக்கு முப்பது செக்கன். அதற்கு மேல் போனால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். தனிப் படத்தில் அது மங்கலான பொட்டு மட்டுமே. நூற்றுக்கணக்கான படங்களைக் கணினியில் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்த்தால்தான் சுருளின் கைகள் தெரியவரும்.

வடக்கு வேலிக்கு அப்பால் இருக்கும் அயல்வீட்டு அக்காவின் வெளி லைற் அதைக் கெடுத்தது. எல்லாப் படத்திலும் இடது மூலையில் மஞ்சள் பூச்சு. வேலியடியில் நின்று கேட்டேன்.

“அக்கா, எட்டிலையிருந்து பத்து மட்டும் உந்த வெளி லைற்றை நூத்துவிடுவியளோ?”

“ஓம் தம்பி, அதுக்கென்ன. சந்திரனிலை காணி கீணி கண்டா எங்களுக்கும் சொல்லுங்கோ.”

அன்றைய நாட்குறிப்பு: “8.02. லைற் அணைந்தது. வீடு முழுவதும் இருட்டு. மிக நல்லது.” அடுத்த பத்து நாளும் நேரம் மட்டும் மாற, அதையே எழுதியிருக்கிறேன். ஒரு லைற்றைக் கேட்டதற்கு வீடே ஏன் இருண்டது என்று நான் விசாரிக்கவில்லை. கவனித்தேன், எழுதினேன், படம் எடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் பகல், படம் நன்றாக வருகிறது என்று சொல்லிவிட்டு வரப் போனேன். அக்காவின் கணவர் பாரிசவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருப்பவர். பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. அக்கா அவரைச் சரித்துப் பிடித்து முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். முதுகெல்லாம் வேர்க்குரு. சில இடங்களில் உடைந்து சிவந்திருந்தது.

“வாரும், வாரும். நீர் வானம் பாரும், நான் இஞ்சை புட்டு மாதிரி அவியிறன்.”

“ஏன், பான் காத்துக் காணாதோ?”

“நீங்கள் சும்மா இருங்கோப்பா,” என்று அக்கா அவரை அடக்கப் பார்த்தார்.

அவர் விடவில்லை. “உந்த வெளி லைற்றுக்குச் சுவிச் எங்கை கிடக்கு? வயரை நேரை இழுத்து விட்டது. மெயின் சுவிச்சை விழுத்தினாத்தான் அது நூரும். அதோடை பானும் நிண்டிடும்.”

“ஏனக்கா எனக்குச் சொல்லேல்லை?”

“மாசாமாசம் இவரைக் கிளினிக்குக்கு உங்கடை காரிலை ஏத்திக்கொண்டு போறியள். முதல் தரம் எங்களிட்டை ஒண்டு கேட்டியள். எப்பிடி ஏலாதெண்டு சொல்லுறது?”

அன்று பின்னேரமே அந்த லைற்றுக்குத் தனிச் சுவிச் பொருத்திக் கொடுத்தேன். அரை மணித்தியால வேலை.

பிறகு அந்தப் பதினொரு நாள் படங்களையும் அழித்துவிடுவதென்று கணினி முன் உட்கார்ந்தேன். முதலில் அவற்றை விலக்கிவிட்டு, அதற்கு முந்திய படங்களை மட்டும் சேர்த்துப் பார்த்தேன். மஞ்சளுக்குள் ஒரு பொட்டு. பதினொரு நாளையும் திரும்பச் சேர்த்தேன். இரண்டு கைகளும் துலக்கமாக விரிந்தன. அழிக்கவில்லை. ஒருவருக்கும் காட்டவும் இல்லை.

அக்கா இப்போதும் வேலிக்கு மேலால் கேட்பார்: “தம்பி, அந்தப் படம் சரிவந்திட்டுதோ?”

“இன்னும் இல்லை அக்கா,” என்கிறேன்.