மூடுபனியில் வழி தவறி வந்த படகு

என் கணவருக்கு மூச்சு அடைத்துக்கொண்டு வந்தது. சுற்றிலும் தண்ணீர். படகு சாயங்காலம்தான் வரும். அப்போது உச்சிப்பொழுது. அந்த நிலையில் ஆண்டவர் எனக்குச் செய்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

இது எழுபதுகளில் நடந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. போடி பஜாரில் எங்களுக்கு ஏலக்காய்க் கடை. பக்கத்துக் கடை பாண்டியும் என் கணவரும் அண்ணன் தம்பி மாதிரி. ஆயுத பூஜை முடிந்து பஜார் அடைத்திருந்த சனி, ஞாயிறு பார்த்து, தேக்கடி ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவில் தங்கி வரலாம் என்று பாண்டிதான் கிளப்பிவிட்டார். அங்கே ஒரு கொட்டகை உண்டு, அனுமதி வாங்கிவிடலாம் என்றார். பாண்டி, அவர் மனைவி செல்லம், அவர்களுடைய ஐந்து வயது மகள் மீனா, என் நாத்தனார் குடும்பம், நாங்கள் என்று எல்லோரும் ஒரு வேனில் கிளம்பினோம்.

எனக்கு முதலிலிருந்தே மனம் ஒரு நிலையில் இல்லை. தண்ணீரைக் கண்டாலே எனக்குப் பயம். படகு எங்களை இறக்கிவிட்டுத் திரும்பியபோது, ஏரிக்குள் நின்ற பட்ட மரங்களுக்கு நடுவே அது சின்னதாகி மறைவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மற்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கரைக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

"மதினி, செத்த உக்காருங்க. நீங்க நடக்குறதப் பாத்தா எனக்குத் தல சுத்துது," என்றாள் செல்லம்.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். கோயில் மணி கேட்காத ஞாயிறு எனக்கு ஞாயிறாகவே இல்லை. வேதம் வாசித்தேன். மனதில் ஒன்றும் நிற்கவில்லை.

ஒரு பெரிய மரத்தடியில் கல் கூட்டி, பாண்டி அடுப்புப் பற்ற வைத்தார். ஈர விறகு. புகை மேலே சுருண்டு ஏறியது. மரத்தின் உச்சியில் கதண்டு என்கிற மலைக்குளவியின் கூடு இருந்ததை யாரும் பார்க்கவில்லை. திடீரென்று தலைக்கு மேல் ஒரு இரைச்சல். "கதண்டு! ஓடுங்க!" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் கொட்டகைக்குள் ஓடினோம். மீனா மட்டும் மரத்தடியிலேயே நின்று அலறினாள்.

என் கணவர் சமுக்காளத்தை உருவிக்கொண்டு ஓடினார். பிள்ளையை அதில் சுருட்டி, அவள் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். கதண்டுகள் அடங்கிப் பாண்டி போய்த் தூக்கியபோது பிள்ளைக்குக் கையில் ஒரே ஒரு கடிதான். இவருக்குப் பிடரி, காது, முதுகு எல்லாம் கொட்டியிருந்தன.

செல்லம் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு எடுத்துத் தடவினாள். பலனில்லை. முகம் வீங்கியது. உதடு தடித்தது. பிறகு நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம். "ஒண்ணுமில்ல" என்று என்னிடம் சொல்ல வந்தார். பாதி வார்த்தைக்குமேல் வரவில்லை.

அதே நேரத்தில் மலையிலிருந்து மூடுபனி இறங்கி ஏரியை மூடிவிட்டது. அக்கரை தெரியவில்லை. பட்ட மரங்கள்கூடத் தெரியவில்லை. பாண்டி சட்டையைக் கழற்றிவிட்டு நீந்திப் போகப் பார்த்தார். என் நாத்தனார் வீட்டுக்காரர் அவரைப் பிடித்து இழுத்தார். "எந்தப் பக்கம்னு போவீக? கரை எங்கன இருக்குன்னு தெரியுமா?"

நான் என் கணவர் தலைமாட்டுக்கும் கரைக்கும் ஓடினேன். ஜெபிக்க வேண்டும் என்று தெரியும். சின்ன வயதிலிருந்து ஜெபிக்கப் பழகியவள் நான். அன்று ஒரு வாக்கியம்கூடக் கூடிவரவில்லை.

செல்லம் என் கையைப் பிடித்தாள். "மதினி, நீங்க ஒங்க சாமிகிட்ட கேளுங்க. நான் சத்தம் குடுக்கேன். யாருக்காச்சும் கேக்கட்டும்." சோற்று அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு, இரும்புக் கரண்டியால் அடிக்க ஆரம்பித்தாள்.

"இயேசுவே, படகு" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அதையே சொல்லிக்கொண்டு கரையோரம் நடந்தேன். அழுதேன். கோபப்பட்டேன். மறுபடியும் அதையே சொன்னேன். செல்லம் கை மாற்றி மாற்றி அடித்தாள்.

பனிக்குள்ளிருந்து, யார் அங்கே என்று மலையாளத்தில் ஒரு குரல் கேட்டது. "ஆரா அவிடே?"

ஒரு சின்ன வள்ளம். அதில் மீன் பிடிக்கிற ஒரு பெரியவர். "மஞ்ஞு மூடி வழி தெற்றிப்போச்சு அம்மா. வீடு இருக்கிறது நேர் எதிர்ப்பக்கம். சத்தம் கேட்டு எங்க கரையின்னு நெனச்சு வந்தேன். இந்தத் தீவுன்னா இனி எனக்கு வழி தெரியும்," என்றார் பாதி மலையாளமும் பாதி தமிழுமாக.

அவருக்கு அது வழி தவறியது. எனக்கு அதுதான் பதில்.

அந்த வள்ளத்தில் இன்னும் இருவர்தான் ஏற முடியும். தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டு வந்தது. என் கணவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவருடைய மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு போனேன். படகுத்துறையில் ஒரு ஜீப் நின்றது. கேட்டவுடன் ஏற்றிக்கொண்டார்கள். குமுளியில் டாக்டர் அப்போதுதான் சாப்பிடப் போகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். அப்படியே திரும்பி ஊசி போட்டார். இன்னொன்றும் போட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் கொஞ்சமாக அந்த விசில் சத்தம் நின்றது.

இவர் முதல் வார்த்தையாக, "மீனா?" என்று கேட்டார்.

சாயங்காலப் படகில் மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். செல்லம் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன. பாண்டி வாசலிலேயே நின்று அழுதார். "அண்ணே, ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான் எப்படிண்ணே..."

இவர் வீங்கிய உதட்டோடு, "ஏலே பாண்டி, அடுப்ப அமத்திட்டியாடா?" என்றார். அத்தனை பேரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

மீனா வளர்ந்து கல்யாணமாகிப் போய்விட்டாள். எங்களுக்கும் இரண்டு பிள்ளைகளைத் தேவன் கொடுத்தார். செல்லம் இன்னும் அவள் சாமியைத்தான் கும்பிடுகிறாள். ஆனால் வீட்டில் யாருக்காவது முடியவில்லை என்றால், "மதினி, ஒங்க ஆண்டவர்ட்ட ஒரு வார்த்த சொல்லி வைங்க" என்று என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். நானும் அன்றிலிருந்து அலங்காரமாக ஜெபிப்பதை விட்டுவிட்டேன். வேண்டியதைக் கேட்கிறேன். கிடைத்ததற்கு நன்றி சொல்கிறேன்.

என் பயம் போய்விட்டதா என்றால், இல்லை. இவர் ஏலக்காய் வாங்க மலைக்குப் போய்த் திரும்பத் தாமதமானால் இப்போதும் வாசலுக்கும் தெருவுக்கும் நடக்கிறேன். முன்பு தனியாக நடந்தேன். இப்போது ஆண்டவரோடு பேசிக்கொண்டு நடக்கிறேன். பிரியமானவர்களே, மனம் அமைதியான பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கால் ஓரிடத்தில் நிற்காவிட்டால் போகட்டும். நடந்துகொண்டே கேளுங்கள். அவர் கேட்கிறார்.