ஏழு பேர்ச்சில் இரண்டடி: மடுல்சீமைக்குப் போன கதை

மட்டக்களப்பில் இருந்துகொண்டு பதுளைப் பக்கம் போகிறேன் என்றால், "எல்லவுக்கா?" என்றுதான் கேட்பார்கள். நானும் இரண்டு முறை எல்லவுக்குப் போய், எல்லோரும் போகிற அந்தப் பழைய ரயில் பாலத்தின் முன்னால் நின்று படம் எடுத்தவள்தான். இந்த முறை போனது வேறு காரணத்துக்கு. ஜனவரிக் கடைசியில் கவிதா போன் செய்தாள்.

"எங்களுக்குக் காணி அளக்க வர்றாங்கடி. அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கெழம. நீ பாக்கணும். வந்துரு."

கவிதாவும் நானும் கொழும்பில் ஒரு துணிக்கடையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். வெள்ளவத்தையில் ஒரே போர்டிங் அறை. பிறகு நான் கல்லடிக்குத் திரும்பித் தையற்கடை போட்டேன். அவள் மடுல்சீமைக்குத் திரும்பி, தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தாள். அவள் ஒன்றைப் பார்க்க வா என்று கேட்பது அதுதான் முதல் தடவை. கடையைப் பூட்டிவிட்டு வெள்ளிக்கிழமை காலையில் புறப்பட்டேன்.

மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் காலை ஏழு மணிக்கு முன்னால் பதுளை பஸ் ஒன்று இருக்கிறது. இடதுபக்க ஜன்னலைப் பிடியுங்கள். செங்கலடியில் திரும்பி மகா ஓயா வரைக்கும் தரை தட்டையாக, வெயிலாக, தூக்கம் வருவதுபோல் இருக்கும். பிபிலையில் தேநீருக்கு நிற்கும்போது தோடம்பழம் வாங்காமல் ஏறாதீர்கள். பச்சைத் தோல் ஆரஞ்சு, உள்ளே தேன். நான் ஒரு பை நிறைய வாங்கி, அதில் பாதியை லுணுகலை வருவதற்குள் நானே தின்றுவிட்டேன். லுணுகலைக்குப் பிறகு பஸ் மூச்சு வாங்கும், காது அடைக்கும், இறப்பர் மரங்கள் முடிந்து தேயிலை தொடங்கும். பசறையில் இறங்கினேன். அதுவரைக்கும் டிக்கெட் எழுநூறு ரூபாவுக்குள் முடிந்தது.

பசறையிலிருந்து மடுல்சீமை இருபது கிலோமீற்றர் இருக்கும். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீதி அப்படி. மடுல்சீமை டவுனிலிருந்து கவிதாவின் தோட்டத்துக்கு இன்னும் ஆறு கிலோமீற்றர். ரவி என்ற ஆட்டோக்காரரை அவள் அனுப்பியிருந்தாள். எண்ணூறு ரூபா. போகிற வழியில் மூன்று இடங்களில் நான் இறங்கி நடந்தேன், ரவி வெறும் ஆட்டோவை ஏற்றினார்.

"பயப்படாதீங்க. இது நல்ல ரோட்டு" என்றார். கெட்ட ரோட்டு எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு விடயம். எழுபதுகளில் இந்த நாட்டில் நிலச் சீர்திருத்தம் வந்தபோது தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. பிறகு நிர்வாகம் மறுபடி கம்பெனிகளுக்குப் போனது. அந்தப் போக்குவரத்தில் எதிலும், தேயிலையை நட்டுப் பறித்தவர்களுக்கு வீட்டு வாசல் அளவு மண்கூடச் சேரவில்லை. லயம் என்கிற வரிசை வீட்டில் காம்பரா என்கிற ஒற்றை அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்ன விறாந்தை, அவ்வளவுதான். அதுவும் தோட்டத்துக்குச் சொந்தம். இப்போது சில இடங்களில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் கொடுக்கிறார்கள். சுமார் ஆயிரத்துத் தொள்ளாயிரம் சதுர அடி. கல்லடியில் என் கடையும் வீடும் கிணறும் இருக்கிற வளவு அதைவிடப் பெரியது. அதை நான் இதுவரை ஒரு பெரிய விடயமாக நினைத்ததில்லை.

கவிதா லயத்து வாசலிலேயே நின்றாள். கட்டிப்பிடித்துவிட்டு, தோடம்பழப் பையைப் பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, தேத்தண்ணீர்கூடத் தராமல் என்னைக் காணி பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாள்.

தேயிலை பிடுங்கப்பட்ட ஒரு மலைச்சரிவு. அடியில் தோட்ட வீதி. அங்கேயிருந்து கொழுந்து பறிப்பவர்கள் நடந்த பழைய பாதை சாய்வாக ஏறி, நடுவில் ஒரு முடக்கில் திரும்பி, உச்சிக்குப் போகிறது. பாதையின் இரண்டு பக்கமும் இருபத்திரண்டு துண்டுகள். யாருக்கு எந்தத் துண்டு என்று கோயிலில் முந்திய வாரமே சீட்டு எடுத்தாகிவிட்டது. கவிதாவுக்கு முடக்கில் இருக்கும் துண்டு. சரிவில் கொஞ்சம் தட்டையான இடம் அது.

"அதிர்ஷ்டம்தானே" என்றேன்.

"அதிர்ஷ்டந்தான். அதனாலதான் வீட்டுல ரெண்டு நாளா பேச்சுவார்த்த இல்ல" என்றாள்.

விடயம் இதுதான். உச்சியில் இருக்கும் துண்டு புஷ்பம் அக்காவுக்கு விழுந்திருந்தது. கொழுந்து பறிக்கும்போது சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். இரண்டு ஊன்றுகோல்களோடு நடக்கிறார். திட்டத்தில் அந்தப் பழைய பாதையை நாலடிப் படிக்கட்டாக வைத்திருந்தார்கள். படியில் அவரால் ஏற முடியாது. கீழே துண்டு கிடைத்த இருவர் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். அன்று மாலை அவரையே நேரில் பார்த்துக் கேட்டேன்.

"எனக்கு விழுந்த எடம் எனக்குப் புடிச்சிருக்குங்க" என்றார். "அங்கேருந்து பாத்தா நமுனுகுல மல தெரியும். இவ்வளவு நாளும் இந்த இஸ்தோப்புலேருந்து எதிர் லயத்துச் சுவரத்தான் பாத்தேன். எனக்கு எடம் மாத்த வேணாம். ஆட்டோ போற மாதிரிப் பாத இருந்தாப் போதும்."

ஆட்டோ போக எட்டடி வேண்டும். அதாவது பாதையோரம் இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் தன் துண்டிலிருந்து இரண்டடி விட வேண்டும். முடக்கில் இருக்கும் கவிதாவின் துண்டில் இன்னும் கூட. மற்றவர்கள் முனகிக்கொண்டே சரி என்றுவிட்டார்கள். சரி சொல்லாதவர் ஒருவர்தான்: கவிதாவின் கணவர் சிவக்குமார்.

அவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். நல்ல மனிதர். எனக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும் தானே பரிமாறினார். ஆனால் பேச்சு அங்கே வந்தவுடன் முகம் இறுகிவிட்டது.

"நீங்களே சொல்லுங்க அக்கா. அந்த மூலதான் தட்டையா இருக்கு. போஞ்சியும் லீக்ஸும் போடலாம்னு பாத்தேன். எங்க தாத்தா காலத்துலேருந்து ஒரு சாண் மண் இல்ல. இப்பதான் வருது. கைக்கு வர்றதுக்கு முன்னாடியே புடுங்குறாங்க."

"யாரும் புடுங்கலீங்க. கேக்குறாங்க" என்றாள் கவிதா.

"கேட்டா குடுத்துத்தான் ஆகணுமா?"

அவர் சொன்னதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. புஷ்பம் அக்கா சொன்னதிலும் தோன்றவில்லை. இரண்டாவது ரொட்டியை எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை நில அளவையாளர் ஜீப்பில் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெயிலுக்குத் தொப்பி, கழுத்தில் துவாய். லயத்தில் இருந்த எல்லோரும் சரிவில் நின்றார்கள். பெரும்பாலோர் கோயிலுக்குப் போவதுபோல் உடுத்தியிருந்தார்கள். பாதை விடயத்தைப் பலர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கோட்டை மாத்திக் கீறலாம். ஆனா கரையில இருக்கிற எல்லாரும் ஓமெண்டு சொல்லோணும். ஒருத்தர் மாட்டன் எண்டாலும் படிதான். இண்டைக்குக் கட்டை அடிச்சிட்டால் பிறகு என்னால ஏலாது."

எல்லோரும் சிவக்குமாரைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அது பார்ப்பதைவிட மோசமாக இருந்தது.

ரவிதான் பேச்சை மாற்றினார். "எத்தன அடி வேணும்னு ஓட்டிப் பாத்தாத் தெரிஞ்சிரும் சார். நின்னு பேசி என்னா செய்ய?"

புதுப் பாதை வரும் அகலத்துக்குத் தற்காலிகமாக அடையாளக் கட்டைகள் நட்டுக் கயிறு கட்டினார்கள். ரவி ஆட்டோவைக் கொண்டுவந்தார். வெறும் ஆட்டோவை ஏற்றிப் பார்க்கிறேன் என்று அவர் சொன்னதும் புஷ்பம் அக்கா ஊன்றுகோல்களை உள்ளே போட்டார்.

"வெறும் ஆட்டோ ஏறி என்னா கண்டுபிடிக்கப் போற? நான்தானே ஏறணும்" என்று பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

ஆட்டோ புகை கக்கிக்கொண்டு ஏறியது. பின்னால் எட்டுப் பத்துப் பேர் தள்ளினார்கள். சிவக்குமாரும் தள்ளினார். மூன்று சக்கரமும் மண்ணில் சறுக்கச் சறுக்க, முடக்கு வரைக்கும் வந்துவிட்டது. அங்கே திரும்பவில்லை. ரவி பின்னால் எடுத்தார், முன்னால் விட்டார், மறுபடி எடுத்தார். பின் சக்கரம் கயிற்றைத் தாண்டி சிவக்குமாரின் துண்டுக்குள் இறங்கி அங்கேயே புதைந்து நின்றது.

புஷ்பம் அக்கா தலையை வெளியே நீட்டிச் சுற்றிப் பார்த்தார்.

"சிவா தம்பி, நான் ஒங்க வீட்டுக் குசினிக்குள்ள வந்துட்டேன் போல. வந்தது வந்தாச்சு, ஒரு தேத்தண்ணி குடுங்க."

முதலில் சிரித்தது கவிதாதான். பிறகு அந்தச் சரிவே சிரித்தது. அளவையாளர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சிவக்குமாரும் அடக்கப் பார்த்து, முடியாமல், ஆட்டோவில் கையை வைத்தபடி குனிந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் புஷ்பம் அக்கா ஊன்றுகோலை எடுக்கப் போனார்.

"எறங்காதீங்க அக்கா" என்றார் சிவக்குமார்.

மூலையில் நட்டிருந்த அடையாளக் கட்டையை இரண்டு கையாலும் ஆட்டிப் பிடுங்கினார். சக்கரம் நின்ற இடத்தையும் தாண்டி உள்ளே போய், அங்கே ஊன்றி, ஒரு கல்லால் அடித்து இறக்கினார். அளவையாளர் நாடா பிடித்துப் பார்த்தார்.

"இவ்வளவு தேவையில்லைத் தம்பி. ரெண்டடி கூட விட்டிட்டீர்."

"இருக்கட்டும் சார். நாளைக்கு அம்பியுலன்ஸ் வந்தாலும் திரும்பணும்ல."

கயிற்றை நகர்த்தி, மண்ணைக் கொத்திச் சமப்படுத்தி, மறுபடி தள்ளினோம். நானும்தான் தள்ளினேன். செருப்பு ஒன்று போன இடம் தெரியவில்லை. ஆட்டோ முடக்கில் ஒரே வீச்சில் திரும்பி உச்சிக்கு ஏறியது. மேலே போய் ரவி ஹாரனை விடாமல் அடித்தார். யாரோ ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தலையில் வைத்துக் கொண்டுபோய்ப் போட, புஷ்பம் அக்கா தன் காணியில் உட்கார்ந்தார். மேகம் விலகி நமுனுகுல மலை முழுதாகத் தெரிந்துகொண்டிருந்தது. அவர் நெடுநேரம் எங்களைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

அளவையாளர் போவதற்கு முன் இன்னொன்று சொன்னார். கவிதாவின் துண்டுக்குப் பின்னால், மழைத் தண்ணீர் ஓடும் கானை ஒட்டி ஒரு சரிவு யாருடைய துண்டிலும் சேராமல் கிடக்கிறது. "வீடு கட்டேலாது. மரக்கறி நடலாம். ஒருத்தரும் மறுக்கேல்லை எண்டால் இவருக்குச் சேர்த்துக் கீறுறன்." ஒருவரும் மறுக்கவில்லை.

அன்று பிற்பகல்தான் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த நேரம். கைப்பையில் எப்போதும் அளவு நாடா இருக்கும், தொழில் பழக்கம். கவிதா அதைக் கண்டுவிட்டாள். அவள் துண்டில் சுண்ணாம்புத் தூளால் ஒரு வீடு கீறினோம். இது அறை, இது குசினி, இது ஜன்னல். அதைப் பார்த்து அடுத்த துண்டிலிருந்து கூப்பிட்டார்கள், பிறகு அதற்கடுத்தது. வெயில் சாயும்போது சரிவு முழுவதும் வெள்ளைக் கோட்டு வீடுகள். ஆட்கள் வாசல் கீறிய இடத்தால்தான் உள்ளே போனார்கள். கோட்டைத் தாண்டி வந்த ஒரு பையனை, "சுவர்ல மோதாத" என்று அவன் அம்மா இழுத்துப் பிடித்தார். குசினிக்கு இரண்டு ஜன்னலா மூன்றா என்று கவிதாவும் சிவக்குமாரும் சண்டை போட்டார்கள். பேச்சுவார்த்தை மீண்டும் தொடங்கிவிட்டது.

கல் அடுப்பில் பாற்சோறு கிண்டினார்கள். சிவக்குமார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"புஷ்பம் அக்கா விழுந்த அன்னைக்குக் கம்பளியில போட்டு ரோட்டுக்குத் தூக்கிட்டு வந்த நாலு பேருல நானும் ஒருத்தன் அக்கா. ஆட்டோவத் தள்ளுறப்ப கைக்கு அது ஞாபகம் வந்துருச்சு" என்றார். பிறகு, "மூணு ஜன்னல்தான். அவ சொன்னா சரிதான்" என்று எழுந்து போனார்.

மறுநாள் விடியற்காலை ரவியோடு 'சின்ன உலக முடிவு' என்கிற மலை விளிம்புக்குப் போனேன். மடுல்சீமைக்கு வருகிற பலர் அதற்காகத்தான் வருகிறார்கள். மலை சட்டென்று முடிந்து, கீழே மேகமும், மேகம் கிழிகிற இடங்களில் வயலும் குளங்களும். கட்டாயம் பாருங்கள். ஆனால் விளிம்புக்குப் போகாதீர்கள், வேலி எல்லா இடத்திலும் இல்லை. காற்று பலமானது, தொப்பி தங்காது. பெப்ரவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை நல்ல காலம். வருடத்தின் கடைசி மூன்று மாதங்களில் மழைக்கு வீதி சரியும், அப்போது வரவேண்டாம். டவுனில் தங்கும் அறைகள் மிகச் சில, முன்பே பேசிவிட்டு வாருங்கள். பசறையைத் தாண்டினால் ஏடிஎம்மை நம்பாதீர்கள். கம்பளிச் சட்டையும் பின்பக்கம் வார் உள்ள செருப்பும் அவசியம். லயங்களைப் படம் எடுக்க ஆசை இருந்தால் முதலில் கேளுங்கள். அது மனிதர்கள் குடியிருக்கும் வீடு.

பதுளைக்கு இறங்கி, ரயிலில் அப்புத்தளை போய் ஒரு நாள் பனிமூட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் வந்தேன். அழகான ஊர். ஆனால் ஒவ்வொரு சரிவையும் பார்த்து, இதில் ஆட்டோ எங்கே திரும்பும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூனில் கவிதா மறுபடி போன் செய்தாள். மாற்றிக் கீறிய திட்டம் எட்டடிப் பாதையோடு வந்துவிட்டதாம். உறுதிப் பத்திரம் இன்னும் வரவில்லை, வரும் என்கிறார்கள். அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிட்டார்களாம். குசினித் திரைச்சீலை நான் தைத்து அனுப்புவதாகச் சொல்லி, விலாசம் கேட்டேன்.

"வீதிக்கு இன்னும் பேரு வைக்கலடி. அஞ்சாறு பேரு சொல்றாங்க, சண்டையா கெடக்கு. நீ தோட்டத்துப் பேரப் போட்டு, கீழ 'சிவா மொடக்கு'ன்னு எழுது. புஷ்பம் அக்கா வச்ச பேரு. இப்ப தபால்காரரு வரைக்கும் அப்படித்தான் சொல்றாரு."

பின்னால் சிவக்குமார் ஏதோ மறுத்துச் சொல்வது கேட்டது. வெட்கப்படுகிறவரின் குரல்தான். நான் எழுதி அனுப்பினேன். பார்சல் போய்ச் சேர்ந்துவிட்டது.