ஆக்னஸ் உள்ளே போய்க் கேட்டார்

மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த ஆக்னஸ், இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு தனியார் மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகத்தில் பணியாற்றியவர். நான்காம் மாடி வார்டில் போன் வேலை செய்யவில்லை என்று ஆள் வந்து சொன்னால், தம் நாற்காலியிலிருந்தே சோதித்துவிட்டு ‘இங்கே சரியாகத்தான் இருக்கிறது’ என்று அனுப்பிவைக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. நான்கு மாடியும் ஏறுவார். கெட்டுப்போனதாகச் சொன்ன அதே கருவியைக் கையில் எடுத்து அங்கிருந்தே அழைத்துப் பார்ப்பார். பதில் வராவிட்டாலும், எவ்வாறு வரவில்லை என்பதைக் காதால் பிரித்தறிவார்.

இணைப்பகம் மூடப்பட்டபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது. வரவேற்பு மேசைக்குப் போகச் சொன்னார்கள்; அங்கே பகலில் உட்கார்ந்துகொண்டே, கணினிப் பயிற்சி நிலையங்கள் நிறைந்த அமீர்பேட்டுக்கும் அவர் போனார். எட்டு மாதங்கள், பணி முடிந்த மாலைகளில், தம் மகள் வயதுப் பிள்ளைகளோடு முன்வரிசையில் அமர்ந்து புரோகிராம் எழுதக் கற்றார். பிறகு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் சேர்ந்து அவர் எழுதிய முதல் புரோகிராம், மருந்தகத்தின் டோக்கன் பலகையை இயக்குவது. அது வந்த பின்னர், முதியவர்கள் மருந்துக்காகக் கால் கடுக்க நிற்பது ஒழிந்தது.

இந்த ஆண்டு மருத்துவமனை புதிய ஏற்பாட்டுக்கு மாறியது. சர்வரில் இருந்த புரோகிராம்கள், கண்டெய்னர் எனப்படும் தனித்தனி அடைப்புகளுக்குள் குடியேறின. வெளியிலிருந்து வரும் அழைப்புகளை வாங்கி, உரிய புரோகிராமுக்கு அனுப்பும் வாயிற்காவலராக ஒரு ரிவர்ஸ் பிராக்ஸி. அதுவும் ஒரு கண்டெய்னருக்குள்தான் இருந்தது. பலகைக்குச் செல்லும் கம்பி சர்வரோடு நேரடியாகப் பிணைந்திருந்ததால், டோக்கன் புரோகிராம் மட்டும் எந்த அடைப்புக்கும் போகாமல் சர்வரிலேயே இயங்கிற்று. பிராக்ஸியால் அதை எட்ட முடியவில்லை. திரையில் 502 என்ற பிழை எண்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, பிரிவின் தலைவர் பிரசன்னா வந்து நின்றார். கோயம்புத்தூர்க்காரர், ஆக்னஸைவிடப் பதினைந்து வயது இளையவர்.

“ஏனுங்கக்கா, மருந்தகம் இப்ப கூப்பிடற பழைய அட்ரஸை ஒரு மணிக்கு நிறுத்தியாகணும். அதுக்குள்ள உங்க டோக்கன் புது வாசல் வழியா வரலைன்னா, பலகையைக் கழட்டி வெச்சர வேண்டியதுதானுங்க.”

“கழட்டிட்டு? மறுபடி எல்லாரையும் லைன்ல நிக்க வைப்பீங்களா சார்?”

“நான் சோதிச்சுப் பாத்தனுங்க. லோக்கல்ஹோஸ்ட்னு கூப்பிட்டா உங்க புரோகிராம் டக்குனு பதில் சொல்லுது. பிராக்ஸியிலயும் நீங்க அதே பேரைத்தான எழுதியிருக்கீங்க?”

“எங்கே உக்காந்து கூப்பிட்டீங்க?”

“சர்வர்லதானுங்க.”

“கூப்பிடப்போறது பிராக்ஸியாச்சே சார். அது இருக்கிற இடத்துலேருந்து கூப்பிட்டமா?”

பிரசன்னா ஒரு நாற்காலியை இழுத்து அவர் திரைக்கு அருகே போட்டார்.

ஆக்னஸ் கட்டளை கொடுத்துப் பிராக்ஸியின் கண்டெய்னருக்குள் நுழைந்து, அங்கிருந்தே அழைத்தார். நொடியில் மறுப்பு வந்தது. லோக்கல்ஹோஸ்ட் என்றால் ‘நான் இருக்கும் இடம்’ என்று பொருள். கண்டெய்னருக்குள் அப்பெயரைச் சொன்னால், கண்டெய்னர் தன்னையேதான் அழைத்துக்கொள்ளும்.

“சொந்த நம்பரையே சுத்திட்டு, யாரும் எடுக்கலைன்னு உக்காந்திருக்கேன் பாருங்க. என் தப்புதான்” என்றார்.

கண்டெய்னரிலிருந்து பார்த்தால் சர்வருக்கு வேறு முகவரி உண்டு. அதற்கு ஒரு பெயர் சூட்டும் வரியை அமைப்புக் கோப்பில் சேர்த்து, பிராக்ஸியிலும் அப்பெயரையே எழுதி, மீண்டும் உள்ளே போய் அழைத்தார். மறுபடியும் மறுப்பு. மணி பதினொன்றரை.

காரணம் அவருக்கு விளங்கியது. சர்வர் தனக்குள்ளே விடுக்கும் அழைப்புக்கு மட்டும் செவிகொடுக்குமாறு டோக்கன் புரோகிராமை அவரே அமைத்திருந்தார்.

“எல்லாப் பக்கமும் தொறந்து விட்டுருங்கக்கா. ரெண்டு நிமிஷ வேலை.”

“நக்கோ, வேணாம் சார். நோயாளி பேரு, மருந்து எல்லாம் அதுக்குள்ள இருக்கு. எதுக்கு ஊருக்கே தொறக்கணும்?”

கண்டெய்னர்களுக்குத் தெரியும் அந்த ஒரு முகவரியில் மட்டும் செவிகொடுக்கச் செய்து, மூன்றாம் முறை அழைத்தார். இம்முறை மறுப்பு வரவில்லை, பதிலும் வரவில்லை. திரை அசையாமல் நின்று, கடைசியில் நேரம் கடந்துவிட்டது என்று கைவிரித்தது.

“போச்சுங்கக்கா! முன்னைக்கு இன்னும் மோசமாயிருச்சு.”

“இல்ல சார். முன்னாடி கதவைத் தட்டினா உடனே ‘போ’ன்னுச்சு. இப்ப நடுவழியிலயே யாரோ சத்தமில்லாம பிடிச்சு வெச்சிருக்காங்க.”

பிடித்துவைத்தது, அனுமதியில்லாத அழைப்புகளைத் தடுக்கும் சர்வரின் ஃபயர்வால். கண்டெய்னர்களின் வலையிலிருந்து வரும் அழைப்பை, டோக்கன் புரோகிராமின் போர்ட் எனப்படும் நுழைவழிக்கு மட்டும் விடுமாறு ஒரு விதி எழுதினார். பன்னிரண்டு நாற்பதுக்கு உள்ளே போய் அழைத்தார். டோக்கன் எண் 214 என்று பதில் வந்தது.

“வந்துருச்சுங்கக்கா! வாங்க, சாப்பிடப் போலாம்.”

“இங்கே வந்தா ஆச்சா?” என்று கேட்டுக்கொண்டே ஆக்னஸ் படியிறங்கினார்.

மருந்தகத்தில், மருந்து எடுத்துக்கொடுக்கும் பானுவின் கணினியில் புதிய முகவரியைத் திறந்துவைத்தார். பானு பொத்தானை அழுத்த, பலகையில் 215 எரிந்தது. பெஞ்சிலிருந்து ஒரு முதியவர் சீட்டைப் பார்த்தவாறு எழுந்தார்.

“ஹவ், ஆமாக்கா, வந்துடுச்சே. இன்னும் ஏன் நிக்கிறீங்க?” என்றார் பானு.

“ஒரு மணி ஆகட்டும். பழைய அட்ரஸ் போன பிறகும் வருதான்னு பாக்கணும்.”

சுவரில் சாய்ந்தபடி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். 219 வரை வந்தது. ஒரு மணிக்குப் பழைய முகவரி நிறுத்தப்பட்டதாகப் பிரசன்னாவிடமிருந்து செய்தி வந்தது.

“இப்ப அமுக்கு பானு.”

220.

“இன்னொரு தடவை.”

221 எரிந்து, கைக்குழந்தையோடு ஒரு பெண் எழுந்து வந்த பிறகே, ஆக்னஸ் தம் சாப்பாட்டுப் பையை எடுக்க மாடியேறினார்.