அக்கா பூட்டிய எஞ்சின்

புலம்பெயர்ந்து நாங்கள் வாழும் பென்டில் ஹில்லில், ஒரு கடை வாசலில் பழைய அமெரிக்கக் கார் ஒன்று உறுமியது. பெற்றோல் மணம் என்னை எழுபதுகளுக்கு, பிளாக்டவுனில் இருந்த எங்கள் கராஜுக்கு இழுத்துப் போனது.

அப்படியொரு காரை அப்பா எஞ்சின் இல்லாமல் வாங்கியிருந்தார். ஆறு சிலிண்டர் போதும் என்றார். அக்காதான் எட்டு சிலிண்டர் வேண்டுமென்று அடம்பிடித்தாள். பிஸ்டன்களை மண்ணெண்ணெயில் கழுவி, குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு பாகமாகப் பொருத்தி அவளே பூட்டினாள். அண்ணா எட்டியும் பார்க்கவில்லை.

எஞ்சின் முழங்கிய அன்று, வந்திருந்த அங்கிள்மாரிடம் அப்பா, "என்ர மகன் பூட்டினது" என்றார். அண்ணா சிரித்துக்கொண்டு நின்றான்.

அக்கா எஞ்சினை நிறுத்தி, பிளக் வயர்களைப் பிடுங்கி அவன் கையில் திணித்தாள். "அப்ப இதையும் நீயே பூட்டு."

எந்த வயர் எதில் என்று அவனுக்குத் தெரியவில்லை. அக்கா வீட்டுக்குள் போய்விட்டாள்.

"கொக்காவைக் கூப்பிடு" என்றார் அப்பா என்னிடம்.

"அவ பூட்டினதெண்டு முதல்ல சொல்லுங்கோ" என்றேன்.

சாகும்வரை அவர் சொல்லவில்லை. அக்காவும் வயர்களைத் திரும்பப் பூட்டவில்லை; கார் கராஜிலேயே துருப்பிடித்தது. கடை வாசலில் நின்ற எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.