அத்தான் பட்டறைத் தூசி

சின்னவள் முப்பத்தைந்து வயதுக்குமேல் மறுபடி படிக்கப் போனது ஏன் என்று குடும்பத்தில் யாருக்கும் சரியாக விளங்கவில்லை. குடிநீர் பரிசோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் நல்லபடியாகத்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிலில் வரும் தண்ணீரைச் சோதித்து, குடிக்கலாம், குடிக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். குடிக்கக் கூடாது என்று அவள் எழுதி அனுப்பிய தெருவிலிருந்து அடுத்த மாதமும் அதே கலங்கல்தான் வரும். இதைக் குடித்தவர்களுக்கு என்ன ஆகிறது என்று ஒருநாள் மேலாளரிடம் கேட்டாள். “அது நம்ம டிபார்ட்மென்ட் இல்லம்மா” என்றார் அவர். அந்தப் பதில் அவள் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. கடைசியில் வேலையை விட்டுவிட்டுச் சுற்றுச்சூழல் சுகாதாரத் துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்துவிட்டாள்.

சொந்தக்காரர்கள் இதைச் சுருக்கி, “டாக்டருக்குப் படிக்கிறா” என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். அவள் கணவன் மருந்துக்கடை வைத்திருந்தது இன்னும் தோதாகப் போயிற்று. டாக்டரும் மருந்தும் ஒரே வீட்டில் என்று ஆளாளுக்குச் சந்தோஷப்பட்டார்கள்.

“சித்தப்பா, நான் வைத்தியம் பாக்கிற டாக்டர் இல்ல. காத்துல, தண்ணில, வேலை செய்யற இடத்துல என்ன கலந்திருக்கு, அது உடம்பை என்ன பண்ணுதுன்னு படிக்கிறேன்” என்று போனில் பொறுமையாக விளக்குவாள்.

“சரிம்மா, அது பாட்டுக்கு இருக்கட்டும். முட்டி வலிக்கு என்ன தடவலாம், அதைச் சொல்லு.”

அவள் போனைக் கணவன் கையில் திணித்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

ஆராய்ச்சிக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயம் மரத்தூசி. மரத்தை அறுக்கும்போதும் இழைக்கும்போதும் கிளம்பும் பொடித் தூசி நெஞ்சுக்குள் போய் இளைப்பைக் கொண்டுவரும். வருடக்கணக்கில் சுவாசித்தால் மூக்குக்குள் புற்றுநோய்கூட வரலாம். தச்சுப்பட்டறைகளில் ஆட்கள் மூச்சோடு எவ்வளவு தூசி உள்ளே போகிறது என்று அவள் அளக்க வேண்டும். எந்தப் பட்டறைக்காரரும் உள்ளே விடவில்லை. இன்ஸ்பெக்டரை அனுப்பப் போகிறாள் என்று பயந்தார்கள். அப்போதுதான் அக்கா சொன்னாள், “ஏண்டி ஊரெல்லாம் அலையறே? நம்ம பட்டறை இல்லையா? அவர்கிட்ட நான் சொல்றேன்.”

அத்தானுக்குச் சொந்தமாக ஒரு ஃபர்னிச்சர் பட்டறை இருந்தது. மேஜை, நாற்காலி, அலமாரி என்று ஓட்டல்களுக்கும் அலுவலகங்களுக்கும் செய்து கொடுப்பார். அவர் உடனே ஒத்துக்கொண்டார். அவர் சொன்னதைக் கேட்டு அவர் நண்பர்களான இன்னும் இரண்டு பட்டறைக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். ஆய்வேட்டில் யார் பெயரும் வராது, பட்டறைகளுக்கு அ, ஆ, இ என்றுதான் குறியீடு என்று சின்னவள் மூவரிடமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அத்தான் பட்டறை ‘அ’.

அளக்கும் கருவி கையடக்கமான ஒரு பம்ப். அதை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து போகும் குழாயின் நுனியில் சின்ன டப்பி ஒன்று இருக்கும். அதைச் சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டால், ஆள் சுவாசிக்கும் காற்றை நாள் முழுக்க உறிஞ்சி, டப்பிக்குள் இருக்கும் வடிதாளில் தூசியைப் பிடித்துவைக்கும். மாலையில் வடிதாளை எடுத்துப்போய், மூச்சுப் பட்டாலே முள் ஆடுகிற தராசில் எடை போட வேண்டும். முதல் நாள் காலையில் மேஸ்திரிக்கும், உப்புத்தாள் தேய்ப்பவருக்கும், மற்றவர்களுக்கும் அவளே பம்பைக் கட்டிவிட்டாள்.

“பத்திரமாப் பாத்துக்கோங்க. காலேஜ் சொத்து. விலை ரொம்ப ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டு காலேஜ் வகுப்புக்கு ஓடினாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சில வாரங்கள் இப்படிப் போயின. முடிவுகளைப் பார்த்த வழிகாட்டிப் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“இது தச்சுப்பட்டறையா, ஆபரேஷன் தியேட்டரா? இந்த வடிதாள் போகும்போது இருந்த எடையைவிட வரும்போது குறைஞ்சிருக்கே. உங்க அத்தான் காத்துலேர்ந்து தூசியைத் திருப்பி வாங்கிட்டாரா?”

தராசைச் சரிபார்த்தாள். பம்புகளைக் கழற்றிச் சரிபார்த்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. மறுபடி ஒரு சுற்று ஆரம்பித்தபோது ஒருநாள் மதியம், சொல்லாமல் கொள்ளாமல் பட்டறைக்குப் போனாள். உள்ளே இழைப்பு மெஷின் அலறிக்கொண்டிருந்தது. எதிரில் நிற்கும் ஆள் தெரியாத அளவுக்குப் புகைமூட்டம்போல் தூசி. அதன் நடுவே ஆட்கள் சொன்ன சொல் தவறாமல் பம்பைக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பம்பும், ஒவ்வொரு டப்பியும் பாலிதீன் பைக்குள் இருந்தது. பையின் வாயில் ரப்பர் பேண்டு வேறு.

“என்ன மேஸ்திரி இது?”

“முதலாளிதாம்மா சொன்னாரு” என்று மேஸ்திரி பெருமையாகச் சிரித்தார். “விலை ஜாஸ்தின்னு நீங்க சொன்னீங்கல்ல? தூசி பூந்தா மெஷின் கெட்டுடுமேன்னு, நீங்க அந்தாண்ட போனதும் மாட்டிடுவோம். சாயந்தரம் நீங்க வர்றதுக்குள்ள கழட்டிடுவோம். ஒரு பொட்டுத் தூசி பட்டதில்ல.”

சின்னவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நேரே அத்தான் அறைக்குப் போனாள். கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி வைத்த சின்ன அறை.

“அத்தான், தூசியைப் பிடிக்கத்தானே அந்த மெஷின்? அதுக்குத் தூசி படாமப் பையைக் கட்டச் சொன்னா எப்படி?”

“அப்படியா? எனக்கெப்படிம்மா தெரியும்? கெட்டுப்போச்சுன்னா உனக்குத்தானே கெட்ட பேருன்னு பாத்தேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு அத்தான் கேட்டார், “அது சரி, ரிசல்ட் நல்லாத்தானே வந்திருக்கு? அதையே வச்சுக்கக் கூடாதா?”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மற்ற இரண்டு பட்டறைகளுக்கும் போய்ப் பார்த்தாள். அங்கேயும் அதே பை, அதே ரப்பர் பேண்டு. இந்த அரிய யோசனையை அத்தான்தான் போன் போட்டு அவர்களுக்கும் சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு அவள் பட்டறையை விட்டு நகரவில்லை. பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்து நாள் முழுக்கக் காவல் காத்தாள். அதிலும் ஒரு கரைச்சல். விருந்தாளி வந்திருக்கிறாள் என்று மேஸ்திரி தரையில் தண்ணீர் தெளித்துக் கூட்டச் சொன்னார். பூட்டியே கிடந்த ஜன்னல்களெல்லாம் திறந்தன. பெரிய மெஷினுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, “இன்னிக்குப் பாலிஷ் வேலைதாம்மா” என்றார்கள். மறுநாளும் பாலிஷ். அதற்கடுத்த நாளும் பாலிஷ். “நீங்க எப்பவும் வேலை செய்யற மாதிரி செய்யுங்க” என்று கெஞ்சினாள். “எப்பவும் இப்படித்தாம்மா” என்று எல்லோரும் ஒரே குரலில் பொய் சொன்னார்கள்.

ஓட்டல் ஒன்றுக்கு நாற்காலி கொடுக்க வேண்டிய கெடு நெருங்கியதும்தான் மரியாதை குறைந்தது. அவள் இருப்பதையே மறந்து வேலை பார்த்தார்கள். மெஷின்கள் ஓய்வில்லாமல் ஓடின. அவள் தலைமுடி, புருவம், சாப்பாட்டு டப்பா எல்லாம் மாவு பூசினதுபோல் ஆயின. இரவு வீட்டில் இருமினாள். “தூசி டாக்டர்” என்று பட்டறையில் அவளுக்குப் பெயர் விழுந்தது. ஆனால் வடிதாள்கள் இப்போது உண்மையைச் சொல்லின. மூன்று பட்டறைகளிலும் தூசி அதிகம்தான், அதில் மோசம் ‘அ’. உப்புத்தாள் தேய்க்கும் அறையில் அது பாதுகாப்பான வரம்பைப் பல மடங்கு தாண்டியிருந்தது. தேய்ப்பவருக்குப் படியேறினால் இளைத்தது. வயசாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இவளைவிட இரண்டு வயது குறைவு.

முடிவைச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். சாப்பாடு முடிந்ததும் அத்தான் ஒரு கண்ணாடிச் சட்டத்தை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். தங்க நிற ஓரம், உள்ளே வெற்று அட்டை.

“சர்டிபிகேட் எந்த அளவுல இருக்கும்? பெருசா இருந்தா வேற வாங்கிக்கிறேன். ஆபீஸ்ல மாட்டினா பார்ட்டிங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும் பாரு.”

“என்ன சர்டிபிகேட் அத்தான்?”

“பட்டறை சுத்தம்னுதான். இத்தனை மாசமா வந்து உக்காந்தியே, பின்ன எதுக்கு?”

சின்னவள் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். தேய்ப்பு அறையில் எவ்வளவு தூசி, அது நெஞ்சை என்ன செய்யும், தேய்ப்பவரை நெஞ்சு டாக்டரிடம் அனுப்ப வேண்டும், தூசியை உறிஞ்சியெடுக்கும் ஏற்பாடு வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அத்தான் சட்டத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அக்காதான் சமையலறையில் பிடித்துக்கொண்டாள்.

“ஊர்ல எத்தனை பட்டறை இருக்கு? குத்தம் கண்டுபிடிக்க எங்க பட்டறைதான் கிடைச்சுதா உனக்கு?”

“நீதானேக்கா கூப்பிட்ட?”

“உதவி பண்ணக் கூப்பிட்டேன். மானத்தை வாங்கவா கூப்பிட்டேன்?”

“பேரே வராதுன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். அந்த ஆளுக்கு இளைக்குதுக்கா. அதுக்கு நான் என்ன பண்ண?”

அக்கா பாத்திரத்தைத் தேவைக்கு அதிகமாகவே தேய்த்தாள். அதன்பிறகு கொஞ்ச காலம் அக்காவிடமிருந்து போனே வரவில்லை. தானே கூப்பிட்டுப் பேசலாமென்று சின்னவள் நினைப்பாள், என்ன பேசுவது என்று விட்டுவிடுவாள்.

அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது என்பது வேறொருத்தர் மூலம் தெரியவந்தது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ஒரு பெண் எடுத்த எடுப்பிலேயே கத்தினாள்.

“தூசி டாக்டர்ங்கிறது நீங்கதானா? காயப்போட்ட துணியெல்லாம் மரத்தூள்! நான் பட்டறைக்குப் பின்வீடு. கேட்டா, என் மச்சினிச்சி சொல்லித்தான் வச்சேன், அவளையே கேளுங்கன்னு உங்க நம்பரைக் கொடுக்கிறாரு!”

ஓடிப்போய்ப் பார்த்தாள். அத்தான் இருப்பதிலேயே பெரிய ஃபேனாக வாங்கி, தேய்ப்பு அறையிலிருந்து ஒரு தகரக் குழாய் போட்டு, அதன் வாயைப் பின்வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார். தூசி சிக்கனமாக இடம் மாறியிருந்தது.

“உள்ள இருக்கக் கூடாதுன்னே. வெளிய அனுப்பிட்டேன். இப்ப என்ன குறை?” என்றார் அத்தான், இடுப்பில் கைவைத்து.

“வெளியன்னா அங்கே ஆளுங்க இல்லையா அத்தான்? அவங்க வீட்லயும் மூச்சுதானே விடறாங்க?”

அன்று மாலை வரைக்கும் இருவரும் குழாயடியில் நின்று கத்தினார்கள். மேஸ்திரி இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தார். கடைசியில் அத்தான், “நீயே வந்து எது வேணும்னு காட்டித் தொலை” என்று காரை எடுத்தார். தூசியைப் பெரிய துணிப்பைக்குள் இழுத்துச் சேர்க்கும் மெஷின் ஒன்றைக் கடையில் காட்டினாள். வழியெல்லாம் முணுமுணுத்தாரே தவிர, வாங்கிவிட்டார். தேய்ப்பவரை அவரே நெஞ்சு டாக்டரிடமும் அழைத்துப்போனார். தேய்ப்பவர் வேலை மாறி, சாமான்களைக் கட்டி அனுப்பும் பகுதிக்குப் போனார். மறுபடி அளந்தபோது தூசி பாதிக்குமேல் குறைந்திருந்தது. வரம்புக்குள் வரவில்லை, ஆனாலும் குறைந்திருந்தது.

அவள் சந்தோஷமாக இந்தச் செய்தியைச் சொன்னதும் பேராசிரியை தலையில் கைவைத்துக்கொண்டார்.

“ஆராய்ச்சி முடியறதுக்குள்ள யாரும்மா உங்க அத்தானை மெஷின் வாங்கச் சொன்னது? இருக்கிற நிலைமையை அளக்கிறதுதானே உன் தலைப்பு? நிலைமையே மாறிடுச்சே! இனி முன்னாடி, பின்னாடின்னு ரெண்டாப் பிரிக்கணும். கூட ஒரு அத்தியாயம் எழுதணும். ஆராய்ச்சிக் குழுவுல அனுமதி வாங்கணும்.”

“நல்லது நடந்திருக்கு மேடம்.”

“நடந்திருக்கு. உனக்கு ஒரு வருஷம் போச்சு.”

ஒரு வருஷம் போகத்தான் செய்தது. அவள் மகள் அதற்குள் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள். “அம்மா, நான் பாஸாயிட்டேன். நீ?” என்று கேட்டாள். சின்னவள் அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

வாய்மொழித் தேர்வு யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்கிற ஏற்பாடு. கணவன் கடையை மூடிவிட்டு வந்தான். யாரும் எதிர்பாராதபடி அக்காவும் அத்தானும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அத்தான் புதுச்சட்டை போட்டிருந்தார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டி, “இந்த ‘அ’ பட்டறைதான் இருந்ததிலேயே மோசம். ஆனா அங்கேதான் குறைஞ்சும் இருக்கு. அங்கே என்ன நடந்தது?” என்று கேட்டார்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பங்கேற்ற நிறுவனங்களின் அடையாளத்தை வெளியிடாமல்…” என்று ஆரம்பிப்பதற்குள் அத்தான் எழுந்துவிட்டார்.

“அது நம்ம பட்டறைதாங்க!”

பேராசிரியை கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை வருஷம் கட்டிக்காத்த ரகசியம் அறை முழுக்கக் கேட்கும்படி போயிற்று. அக்கா அத்தானின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்காரவில்லை. ஃபேன் வைத்தது, பின்வீட்டம்மா சண்டைக்கு வந்தது, மெஷின் என்ன வேகத்தில் இழுக்கிறது, மாதம் எத்தனை பை தூள் சேருகிறது என்று வரிசையாகச் சொன்னார். தேர்வாளர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவரையே கேள்வி கேட்க ஆரம்பித்தார். மின்சாரச் செலவு எவ்வளவு, ஆட்கள் ஒழுங்காக ஓட்டுகிறார்களா, பையை யார் மாற்றுகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். சின்னவள் மேடையில் மைக்கைப் பிடித்தபடி சும்மா நின்றாள். அவளிடம் அதன்பிறகு கேட்டது ஒரே ஒரு கேள்வி, அதுவும் தராசைப் பற்றி.

பட்டம் கொடுக்கலாம் என்று அறிவித்து எல்லோரும் கைதட்டி முடித்ததும் பேராசிரியை அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ரகசியத்தை நீ மீறலை. அவரே சொல்லிக்கிட்டாரு. இதை நான் குழுவுக்கு எழுதிக் கொடுக்கணும். ரெண்டு பக்கத்துல நடந்ததை எழுதி நாளைக்குக் கொண்டு வா.”

“நாளைக்கேவா மேடம்?”

“நாளைக்கேதான்.”

வராந்தாவில் அக்கா காத்திருந்தாள். தங்கையின் முந்தானையை எடுத்து அவள் முகத்து வியர்வையை அழுத்தித் துடைத்தாள். “இவரைக் கூட்டிட்டு வராதேன்னு மனசு சொல்லுச்சுடி. கேட்டாத்தானே” என்றாள். அந்தப் பக்கம் அத்தான் தேர்வாளரை விடாமல் பிடித்துக்கொண்டு, ஒருநாள் பட்டறைக்கு வந்து பார்த்துவிட்டுப் போகும்படி வற்புறுத்திக்கொண்டிருந்தார்.